பதினான்கு கற்களின் விலை
(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கு வைரத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அறியாமையால் நாங்கள் பட்ட சங்கடம் ஒன்றே தகுதி.

சென்ற ஆண்டு எங்கள் மகளுக்குப் பொறியியற் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, எங்கள் அன்னையார் தம் வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். காதுக்கு ஏழாகப் பதினான்கு கற்கள். பழைய ரசீதின்படி மொத்தம் 1.75 காரட். ஒரு காரட் வைரத்தின் விலையை விசாரித்து, அதை ஒன்றே முக்காலால் பெருக்கி, கட்டணம் போக மீதியை என்ன செய்வது என்றுகூடத் திட்டமிட்டுவிட்டோம். கடைக்காரர் சொன்ன தொகையோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான்! ஏமாற்றுகிறார் என்று சினந்து வேறு கடைக்குச் சென்றோம். அங்கும் ஏறக்குறைய அதே தொகை.

உலகின் வைரங்களில் மிகப் பெரும்பாலானவை பட்டை தீட்டப்படும் இந்தச் சூரத் நகரில் வாழ்ந்துகொண்டு, இது தெரியாமல் இருந்தோமே! வராச்சாப் பகுதியில் பட்டை தீட்டும் தொழிலாளி ஒருவர்தாம் எங்கள் கணக்கின் பிழையைக் காட்டினார். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். எங்கள் கற்கள் சராசரியாகப் பன்னிரண்டரை சென்ட். அத்தகைய எட்டுக் கற்களைச் சேர்த்தால் ஒரு காரட் எடை வருமேயன்றி, ஒரு காரட் கல் ஆகாது. பெருங்கல் பூமியில் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் பட்டை தீட்டுகையில் பாதிக்கு மேல் தேய்ந்துபோவதுண்டு. ஆதலால் கல் பெரிதாகப் பெரிதாக, காரட் ஒன்றுக்குரிய விலையே ஏறிக்கொண்டு போகிறது. தங்கத்தைப் போல் இன்றைய விலை இன்னது என்று வைரத்துக்குச் சொல்ல இயலாது.

எடைக்குப் பின் நிறம், தோஷம், பட்டை ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நிறத்தை ‘டி’ முதல் ‘இஸட்’ வரை தரம் பிரிக்கும் முறையை அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம் 1953இல் வகுத்தது. மங்கலாகத் தீட்டிய கல் எவ்வளவு தூயதாயினும் ஒளிராது.

தாய்மார்கள் ‘ப்ளூ ஜாகர்’ என்ற பெயரை நன்கு அறிவார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டீன் சுரங்கத்தால் வந்த பெயர் அது. அச்சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் நம் நகைக்கடைகளில் வாழ்கிறது! வெயிலில் நீலச் சாயை காட்டும் கல்லுக்கு நம் வீடுகளில் தனி மதிப்பு. உலகச் சந்தையிலோ, நிறமற்ற உயர்தரக் கல் புற ஊதா ஒளியில் மிகுதியாக நீலம் வீசினால் விலையைக் குறைப்பதுண்டு. அன்னையாரின் தோட்டுக்கு இதுவும் ஒரு குறையாயிற்று. பின்புறம் மூடிக் கட்டிய தோடாகையால் தோஷமும் தெரியவில்லை. கல்லை எடுத்து நிறுத்தால்தான் எடையும் உறுதியாகும் என்றார்கள்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரமும் இவ்வூரில் பெருகியிருக்கிறது. அதைப் போலி என்பது தவறு. அதுவும் கரியால் ஆன வைரமே. கண்ணால் பிரித்தறிய இயலாது, கருவி வேண்டும். ஆனால் அதன் விலை சில ஆண்டுகளில் மிகவும் வீழ்ந்துவிட்டது. ஆகவே வாங்குவோர் அது சுரங்கக் கல்லா, வளர்த்த கல்லா என்பதைச் சான்றிதழில் பார்த்து, திருப்பிக் கொடுத்தால் என்ன தருவார்கள் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குவது நலம்.

கட்டணத்துக்குச் சேமநல நிதியில் முன்பணம் பெற்றோம். தோடு அன்னையாரின் காதுக்கே திரும்பிவிட்டது. அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.