பலகை நின்றது, செங்கல் போயிற்று
மோனோ மாவட்டத்துச் சுரங்க ஊர்களின் பழங்கட்டடங்கள்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில், கடல் கடந்த நாட்டுச் சுரங்க ஊர்களின் பழங்கட்டடங்கள் ஏன் பேசப்பட வேண்டும் என்ற வினா எழலாம். ஒரு நிலப்பகுதி தன் பழமையில் எதனைக் காத்தது, எதனை இழந்தது, அதற்குக் காரணம் யாது என்று ஆராய்வது, சொல்லைக் காக்கும் பணியில் ஈடுபட்டோருக்கு அயலான செய்தியன்று. அந்த நோக்கிலேயே இவ்வுரை அமைகிறது.

அமெரிக்காவின் மேற்கே, கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது மோனோ மாவட்டம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 13,195 பேர். நிலமோ மிகப் பரந்தது. பொன் தேடுவோர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, மோனோ என்னும் உப்பு ஏரியைச் சுற்றிக் குட்ஸாடிக்கா மக்கள் வாழ்ந்து வந்தனர். ஏரிக்கரை ஈக்களின் கூட்டுப்புழுவும், பின்யோன் என்னும் பைன் மரத்தின் கொட்டையும் அவர்தம் உணவுகள். அவர்கள் கல்லாலும் செங்கல்லாலும் மாளிகை எழுப்பவில்லை. ஆதலால், பழங்கட்டடம் என்று பட்டியல் எழுதத் தொடங்கும்போதே அம்மண்ணின் மூத்த குடிகள் அப்பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். இதனை முதலிலேயே மனத்திற் கொள்வது நன்று.

மாவட்டம் 1861இல் தோன்றியது. அதன் முதல் தலைநகர் அரோரா. 1860இல் அங்கே பொன்னும் வெள்ளியும் கண்டறியப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் செங்கற் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. பின்னாளில் மார்க் ட்வைன் என்று உலகம் அறிந்த சாமுவேல் கிளெமென்ஸ், 1862இல் அங்கே மண்வெட்டி பிடித்துப் பார்த்தார். பொன் கிட்டவில்லை. அவ்வாண்டே வர்ஜினியா நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் எழுத்துப்பணிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்நாட்களின் அனுபவத்தை 1872இல் வெளிவந்த தமது ‘ரஃபிங் இட்’ நூலில் எழுதினார்.

அரோராவுக்கு ஒரு விந்தையான சிக்கல் இருந்தது. அது கலிபோர்னியாவில் உள்ளதா, நெவாடாவில் உள்ளதா என்பது உறுதியாகவில்லை. இரு தரப்பும் அதனைத் தம் மாவட்டத் தலைநகராகக் கொண்டன. 1863இல் நில அளவையாளர் எல்லைக் கோட்டை வரைந்தபோது, ஊர் நெவாடாவுக்குள் சில மைல் தள்ளி இருப்பது தெரிந்தது. மோனோ மாவட்டம் தன் தலைநகரையே இழந்து, பிரிட்ஜ்போர்ட் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே 1880இல் கட்டப்பட்ட நீதிமன்ற மாளிகை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. வெண்ணிற மரப்பலகையும் செந்நிற விளிம்புகளும் கொண்ட அவ்விரு மாடிக் கட்டடம், தொடர்ந்து பயன்பாட்டில் இருந்துவரும் கலிபோர்னியாவின் மிகப் பழைய நீதிமன்றக் கட்டடங்களுள் இரண்டாவது எனப்படுகிறது. அதனைக் காத்தது தொல்லியல் ஆர்வமன்று, அன்றாடப் புழக்கம். வழக்கும் வரியும் இருக்கும்வரை அங்கே ஆள் நடமாட்டம் இருந்தது; கூரை ஒழுகினால் அதனை யாரேனும் கவனித்தனர்.

அரோராவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பொன் குறைந்தது, 1883இல் நெவாடா தரப்பின் தலைமையிடமும் வேறோர் ஊருக்கு மாறியது. மக்கள் சென்ற பின்னும் செங்கற் சுவர்கள் உறுதியாகவே நின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பழைய செங்கல்லுக்குச் சந்தையில் நல்ல விலை ஏற்பட்டது. சுவர்கள் இடிக்கப்பட்டு, கற்கள் வண்டியேறிப் போயின. பனியும் காற்றும் சாய்க்க முடியாத சுவர்களைச் சந்தை விலை சாய்த்துவிட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை அடித்தளங்களும் இடுகாடும் போன்ற சிலவே.

அரோராவிலிருந்து சில மைல் தென்மேற்கே, ஏறத்தாழ 8,400 அடி உயரத்தில் போடி என்னும் ஊர் உள்ளது. 1859இல் போடி என்பவர் அங்கே பொன் கண்டார். அடுத்து வந்த பனிக்காலத்திலேயே புயலில் சிக்கி இறந்தார். தம் பெயரால் ஓர் ஊர் எழுந்ததை அவர் கண்டாரில்லை. ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலும் அவர் பெயரிலிருந்து சற்று மாறிப்போயிற்று. 1876க்குப் பின் ஸ்டாண்டர்டு சுரங்கத்தில் வளமான தாது வெளிப்பட்டதும் மக்கள் திரண்டனர். 1880ஐ ஒட்டி மக்கள் தொகை எட்டாயிரத்தைத் தொட்டது என மதிப்பிடுவோர் உண்டு. சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1878இல் தனக்கென ஒரு மண்டபம் கட்டியது. நாள் ஒன்றுக்கு நான்கு டாலர் என்னும் கூலியைச் சங்கம் நிலைநிறுத்தியது. அம்மண்டபம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

இவ்வூரின் வீடுகள் பெரும்பாலும் வெறும் பைன் பலகையால் ஆனவை. 1892இலும் 1932இலும் பெருந்தீ பரவியது; இரண்டாம் தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. வங்கி எரிந்தபின் அதன் செங்கற் பெட்டக அறை மட்டும் நின்றது. 1942இல் அஞ்சலகம் மூடப்பட்டது. அவ்வாண்டே போர்க்கால ஆணையால் நாடெங்கும் பொற்சுரங்கங்கள் நிறுத்தப்பட்டன. ஆளில்லாத ஊரைச் சூறையாட வருவோர்க்குக் குறைவில்லை. எனினும் ஊரின் பெரும்பகுதி கேய்ன் என்னும் ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்தது. அக்குடும்பத்தார் செங்கல் விற்ற வழியைப் பின்பற்றவில்லை. காவலாள் அமர்த்தி ஊரைக் காத்தனர். 1962இல் அது மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. செங்கல்லாற் கட்டிய அரோரா மறைந்தது. பலகையாற் கட்டிய போடி நின்றது. கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பொருளின் வலிமை மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

போடியைக் காக்கும் முறை கருதத்தக்கது. ‘தடுத்து நிறுத்திய சிதைவு’ என்று அதற்குப் பெயர். கூரையை ஒட்டுவர், சாளரக் கண்ணாடியை மாற்றுவர், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பர், அடித்தளத்தை நிறுத்துவர். ஆனால் புதுவண்ணம் பூசிப் பழம்பெருமையை மீட்டதாகக் காட்டமாட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இவ்வாறு உள்ளன. கடையில் பொருள்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. பள்ளியில் மேசைகள் தூசி படிந்து கிடக்கின்றன. காண வருவோர் பெரும்பாலான வீடுகளைச் சாளரத்தின் வழியே மட்டும் பார்க்கலாம். தாது இடித்த ஸ்டாண்டர்டு ஆலை 1898இல் எரிந்து, மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது, அதுவும் நிற்கிறது. பாதரசமும் சயனைடும் புழங்கிய இடமாதலால், வழிகாட்டியின்றி அதனுள் எவரும் நுழைய இயலாது.

இம்முறையில் நேர்மை உண்டு. ஆயினும் அது முழு நினைவாகிவிடாது. ஊரின் கொதிகலன்களுக்கு விறகு கொண்டுவர 1881இல் மோனோ மில்ஸ் என்னும் மர அறுவை ஊருக்கு 32 மைல் நீளக் குறுகிய இருப்புப்பாதை இடப்பட்டது. அதில் உழைத்த சீனரை விரட்டப் போடியின் வெள்ளைத் தொழிலாளர் கூட்டமாகப் புறப்பட்டபோது, இருப்புப்பாதைக் குழுமம் அச்சீனரைப் படகேற்றி ஏரி நடுவிலுள்ள பயோஹா தீவில் பாதுகாப்பாக வைத்தது. கூலிக்காகப் போராடியவர்களின் மண்டபம் நிற்கிறது. சீனர் வாழ்ந்த கிங் தெருவிலோ இன்று காண்பதற்கு மிகச் சிலவே உள்ளன. குட்ஸாடிக்கா மக்களுக்கு உணவளித்த பின்யோன் மரங்கள் சுரங்க ஊர்களுக்கு விறகாக வெட்டப்பட்டன. வெட்டிய மரத்துக்கு நினைவுச்சின்னம் ஏது? இருப்புப்பாதையும் 1917க்குப் பின் பெயர்த்தெடுக்கப்பட்டது. தண்டவாளம் கிடந்த மேடு மட்டும் புதர்களிடையே ஓடுகிறது.

ஆகவே பழமையைக் காப்போருக்குக் கடமை இரண்டு. நிற்பதனை ஒப்பனையின்றி நிற்கச் செய்வது ஒன்று. நிற்காமற் போனது எது, அது ஏன் நிற்கவில்லை என்பதனை அதன் பக்கத்திலேயே சொல்லி வைப்பது மற்றொன்று. முன்னதற்குத் தச்சர் வேண்டும். பின்னதற்குச் சொல்லறிந்தோர் வேண்டும். வெற்றிடத்தைப் பூச்சால் மூடினால் அது பொய்யாகிவிடும். அங்கே யார் இருந்தார் என்று ஒரு வரி எழுதி வைத்தால், அவ்வெற்றிடமும் சான்றாகும்.

போடியிலிருந்து ஆணியோ கண்ணாடித் துண்டோ எடுத்துச் சென்றவர்கள், அதனால் தீயூழ் தொடர்ந்ததென அஞ்சி, மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது. அங்கிருந்து பொருளை எடுத்தால் சாபம் பற்றும் என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. அச்சத்தால் திரும்புவது ஓர் ஆணி. அரோராவின் செங்கல்லை அவ்வாறு திருப்பி அனுப்ப யாருமில்லை. அவை வேறு ஊர்களின் சுவர்களாகிவிட்டன. காவல் அமைய வேண்டிய காலம் விலை ஏறுவதற்கு முன்பு; விலை ஏறிய பின்பு அன்று. ஓர் ஊருக்குப் பொருந்தும் இவ்வுண்மை, கையெழுத்துப் படிகளையும் கூட்டக் குறிப்பேடுகளையும் பழைய மலர்களையும் வைத்திருக்கும் எந்த வட்டத்துக்கும் பொருந்தும்.