இரும்பு மாத்திரையும் கறுப்புப் பிள்ளையும்



சிவகாசிப் பக்கம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நாள் முழுதும் குந்தியிருந்து பாடுபடும் பெண்களுக்காகவே இதைச் சொல்லுகிறேன். நான்காம் மாதம் பிறந்தால் பெரும்பாலோருக்கு மசக்கை தணியும். தலைப்பிள்ளையானால் சுமார் 20-வது வாரத்தில் சிசு அசைவது தெரியும். தாய்க்கு இரத்தம் அதிகம் வேண்டியதும் இக்காலத்தில்தான். அதற்காக நான்காம் மாதந்தொட்டு தினம் ஒன்றாக 180 நாளைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை இனாமாய்க் கொடுக்கிறார்கள்.

அதை விழுங்கினால் பிள்ளை கறுத்துவிடுமாம்! மலம் கறுப்பதைப் பார்த்துப் பிள்ளையும் கறுக்குமென்று முடிவு கட்டிய மேதாவி யாரோ! நிறம் தாய் தகப்பன் வழியாய் வருவது. கறுத்தால்தான் என்ன குற்றம்? கிரகணத்துக்குப் பயந்து கதவடைக்கும் நாம், இரத்தமில்லாமல் பிரசவத்தில் சாவதற்குப் பயப்படுகிறோமா?

மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்காதீர்கள். நகமும் இமையும் வெளுத்து, நாலெட்டு வைத்தாலே மூச்சு வாங்கினால், மாமியார்மார்களே, மருமகளைச் சோம்பேறியென்று ஏசாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.