நடந்து வந்த வெளிச்சம்

கிறிஸ்தவன் உலகத்துக்கு வெளிச்சமா இருக்க ஜெபமே போதும்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னார். இந்த ஊட்டியே எனக்குச் சாட்சி. 1841-ல் ராபர்ட் கால்டுவெல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். பல்லக்கு ஏறலை, நடந்தார். சனங்களோட பழகணுமாம்! (நம்மாளு தெருக்கோடிக் கோயிலுக்கே ஸ்கூட்டரை உதைக்கிறான்.) வழியிலே இந்த மலையேறி, இங்கேதான் குருப்பட்டம் பெற்றார். அப்புறம் இடையன்குடியிலே நாற்பது வருஷத்துக்கு மேலே ஊழியம். 1849-ல் அவர் எழுதிய புத்தகம் அந்த மக்கள் மனசையே புண்படுத்தியது. அதை நான் மறைக்கலை. ஆனாலும் பள்ளிக்கூடம் வைத்தார். மனைவி எலைசா பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். கூலி அந்தப் பெண்கள் கையிலே! வெறும் ஜெபத்தாலே இது நடந்திருக்குமா? எதிரணி பதில் சொல்லட்டும், ஐயா.