கல்லூரி விளையாட்டும் காசும்



மார்ச்சு மாதத்து வெயிலில், யாழ்ப்பாணக் கோட்டைக்கு அண்மையில் உள்ள மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றி மக்கள் திரண்டு நிற்கும் காட்சியை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு பக்கம் சென் ஜோன்ஸ் கல்லூரிக் கொடி. மறு பக்கம் மத்திய கல்லூரிக் கொடி. பப்பரே வாத்தியத்தின் முழக்கம் முற்றவெளிவரை கேட்கும். தலை நரைத்த பழைய மாணவர் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறை எடுத்து வந்து, தாம் படித்த காலத்துக் கதைகளைப் பேசிக்கொண்டு நிற்பர். 1904ஆம் ஆண்டில் தொடங்கி, போர்க்காலத்து இடையூறுகளையும் தாங்கி, ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்த அந்தத் துடுப்பாட்டப் போட்டியையே நாம் 'வடக்கின் பெருஞ்சமர்' என்று வழங்குகிறோம்.

அந்த மைதானத்தில் நூறு ஓட்டம் எடுத்த மாணவனுக்கு முன்னாளில் என்ன கிடைத்தது? தோளில் தூக்கிச் சென்றார்கள். கல்லூரி மண்டபத்துப் பலகையில் பெயர் எழுதினார்கள். ஊருக்குள் நடந்து போனால், 'இன்னார் மகன் போகிறான்' என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அது போதும் என்றே அவனும் நினைத்தான். அவனைப் பெற்றவரும் நினைத்தனர்.

இன்று அது போதுமா? மாணவனுடைய ஆட்டத்துக்குக் காசு கொடுக்கலாமா? நன்றாக ஆடுபவனை ஒரு கல்லூரி மற்றொரு கல்லூரியிடமிருந்து அழைத்துக் கொள்ளலாமா? இக்கேள்விகளுக்கு விடை காண, இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்த ஒரு நாட்டின் கதையை முதலிற் பார்ப்போம். அந்நாடு அமெரிக்கா.

அங்கே 'உதைபந்தாட்டம்' என்று வழங்குவது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து, நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரியை மோதி வீழ்த்தியும் ஆடும் ஆட்டம் அது. 1869ஆம் ஆண்டிலிருந்து கல்லூரிகள் ஒன்றோடொன்று ஆடி வருகின்றன. கல்லூரி என்று நாம் சொல்வது பாடசாலையை. அவர்கள் சொல்வது பல்கலைக்கழகத்தை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கலாம் என்றால் அந்த ஆட்டத்தின் செல்வாக்கு விளங்கும். தொலைக்காட்சி உரிமையாலும் நுழைவுச்சீட்டாலும் கோடி கோடியாகப் பணம் வந்தது. பயிற்றுநர் பெருஞ்சம்பளம் பெற்றனர். ஆடிய மாணவனுக்கோ படிப்புச் செலவும் உணவும் உறைவிடமுமே கொடுக்கலாம் என்பது சட்டம். தன் எண் பொறித்த சட்டை கடையில் விலைபோவதைப் பார்க்கலாம். அதில் ஒரு காசும் தொடலாகாது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும்.

இந்தக் கட்டுகள் சில ஆண்டுகளிலேயே அவிழ்ந்தன. 2018ஆம் ஆண்டு அக்டோபரில், மாற விரும்பும் ஆட்டக்காரர் தம் பெயரைப் பதியும் பொதுப் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாணவருக்குக் கிடைக்கும் கல்விசார்ந்த உதவிகளுக்கு வரம்பிட்டது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்று உயர்நீதிமன்றத்து ஒன்பது நீதியரசரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதம் முதலாந் திகதியிலிருந்து, மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் பெறலாயினர். அதே ஆண்டில், ஒரு முறை மாறுவோர் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 2024இல், படிப்பில் தகுதி குறையாதவரை எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே தம் ஆட்டக்காரருக்கு நேரிற் பணம் கொடுக்கலாம். அதற்கு விதித்த உச்சவரம்பு, முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர்.

இதனால் விளைந்த நன்மையை நாம் மறைக்கலாகாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, கால் முறியுமுன்னே தன் உழைப்பின் பயனை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. பெண் ஆட்டக்காரரும் விளம்பரத்தால் வருவாய் பெற்றனர். தன்னை மதியாத பயிற்றுநரிடம் சிறைப்பட்டுக் கிடக்க வேண்டிய நிலை நீங்கிற்று. ஆயினும் மறுபக்கமும் உண்டு. நான்கு ஆண்டில் மூன்று பல்கலைக்கழகம் கண்ட மாணவர் தோன்றினர். ஓரிடத்திற் படித்த பாடத்தை மற்றோரிடம் ஏற்காமையால் பட்டம் தள்ளிப்போயிற்று. பதிவேட்டிற் பெயரெழுதி, பழைய இடத்தையும் இழந்து, புதிய இடமும் கிடையாது நின்றோரும் உளர். பழைய மாணவரும் செல்வரும் கூட்டுநிதி திரட்டி ஆட்டக்காரரைத் தேடலாயினர். சிறிய பல்கலைக்கழகம் இரண்டாண்டு பாடுபட்டு ஒருவனை உருவாக்கினால், மூன்றாம் ஆண்டில் பெரிய பல்கலைக்கழகம் அவனை அழைத்துக்கொண்டது. நாற்று வளர்த்தவன் ஒருவன். கதிர் அறுத்தவன் மற்றொருவன்.

நேயர்களே, இது ஏதோ கடல் கடந்த கதை என்று எண்ணவேண்டா. நம் நாட்டிலும் மாணவர் பாடசாலை மாறுவதற்கு நெடுங்காலமாகவே இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. ஒன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை; மற்றொன்று க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை. இவை படிப்புக்காக அமைந்த வாயில்கள். ஆனால் பந்து வீசுபவனும் இவ்வாயில்களால் நுழையலாம் அல்லவா? கிராமத்திலிருந்து பட்டினத்துக்கும், வடக்கிலிருந்து கொழும்புக்கும் இவ்வாறு பிள்ளைகள் போகிறார்கள்.

கண்டியில் நிகழ்ந்த ஓர் உதாரணத்தைக் கூறலாம். மதீஷ பத்திரண என்னும் வேகப்பந்து வீச்சாளர் முதலிற் படித்தது ரணபிம ரோயல் கல்லூரியில். பின்னர் அவர் கண்டித் திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே நல்ல பயிற்சியும் பலர் கண்ணிற்படும் வாய்ப்பும் கிடைத்தன. பிற்காலத்தில் இந்திய பிரீமியர் லீக் போட்டியின் சென்னை அணி, 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்காக அவரை 13 கோடி இந்திய ரூபாவுக்குத் தக்கவைத்துக் கொண்டது. அவர் பாடசாலை மாறியது தவறென்று யார் சொல்வார்? மாறியிராவிட்டால் அவர் திறமை உலகுக்குத் தெரிந்திருக்குமோ, என்னவோ! ஆனால் அவர் கையில் முதன்முதலிற் பந்தைக் கொடுத்தவர்களை நினைப்பவர் எத்தனை பேர்?

நம் யாழ்ப்பாணத்திலும் ஓர் உதாரணம் உண்டு. விஜயகாந்த் வியாஸ்காந்த் மத்திய கல்லூரி வளர்த்த சுழற்பந்து வீச்சாளர். 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி, பத்தொன்பது வயது நிறைவதற்கு முதல்நாள், லங்கா பிரீமியர் லீக் போட்டியில் யாழ்ப்பாண அணிக்காக அவர் களமிறங்கினார். அன்று அவர் வீழ்த்திய முதல் விக்கெட், இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் அவர்களுடையது. அச்செய்தி கேட்டு நல்லூரிலும் பருத்தித்துறையிலும் மகிழாதார் இல்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், ஹைதராபாத் அணிக்காக இந்திய பிரீமியர் லீக்கிலும் ஆடினார். அவருக்குக் குறித்த தொகை 50 இலட்சம் இந்திய ரூபா.

அந்த யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிண்ணத்தை வென்றது. ஆயின் ஆடியவருட் பெரும்பாலோர் வேற்றூரார். ஆட்டம் நடந்த மைதானங்களும் நம் குடாநாட்டில் இல்லை. யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு மதிப்பு உண்டு என்பதை வணிகர் கண்டுகொண்டனர். அம்மதிப்பிற் பெரும்பங்கை உண்டாக்கிய கல்லூரி மைதானங்களுக்கு அதனால் என்ன வந்தது என்பதே நம் கேள்வி.

இங்கே இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கின்றன. வலிகாமத்திலோ வடமராட்சியிலோ ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வெங்காயம் நட்டுப் பிள்ளையைப் படிப்பிக்கிறாள். பெரிய கல்லூரி ஒன்று, 'உங்கள் மகனை அனுப்புங்கள். விடுதியும் உணவும் சப்பாத்தும் மட்டையும் நாங்கள் தருகிறோம்' என்கிறது. அவள் என்ன செய்வாள்? 'ஊர்ப்பாசம் பெரிது' என்று அவளுக்கு உபதேசம் செய்ய, மட்டை வாங்கிக் கொடுக்காத நமக்கு உரிமை உண்டா?

இனி, அவன் படித்த சிறு பாடசாலையைப் பாருங்கள். மாலை நேரத்தில் வீட்டுக்குப் போகாமல், கைக்காசிற் பந்து வாங்கி, ஆறு ஆண்டாக அவனுக்குப் பழக்கிய ஆசிரியர் ஒருவர் அங்கே நிற்கிறார். அவன் போனபின் அணியில் பத்துப் பேர் எஞ்சுகின்றனர். அடுத்த ஆண்டு அவருக்குப் பழக்க மனம் வருமா? 'யாருக்காகப் பழக்குவது?' என்று அவர் சோர்ந்துவிட்டால், அவனுக்குப் பின் வரவேண்டிய தம்பிமார் எங்கே போவார்கள்?

ஆகவே போகிறவனைத் தடுப்பது நியாயமன்று. வளர்த்தவரை மறப்பதும் நியாயமன்று. இவ்விரண்டையும் இணைக்க வழி உண்டு. உலக உதைபந்தாட்டச் சங்கம் ஒரு விதி வைத்திருக்கிறது. ஆட்டக்காரன் ஒருவன் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு கழகத்திலிருந்து வேறு நாட்டுக் கழகம் ஒன்றுக்குப் பணத்துக்கு மாறும்போது, அப்பணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதத்தைப் பிரித்து, அவன் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயதுவரை பயின்ற கழகங்களுக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கழகத்தில் எத்தனை ஆண்டு பயின்றானோ அதற்கேற்ற பங்கு. ஆட்டக்காரனுடைய உரிமைக்குக் குறைவில்லை. நாற்று வளர்த்தவனுக்கும் ஒரு படி நெல் கிடைக்கிறது.

இந்த நீதியை நம் பாடசாலைகளுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளலாம். ஒரு மாணவனை விளையாட்டுக்காக அழைக்கும் பெரிய கல்லூரி, அவனை அனுப்பிய பாடசாலைக்குப் பந்தும் வலையும் பயிற்றுநரும் தந்து உதவட்டும். பெருஞ்சமருக்கு அனுசரணை வழங்கும் வணிக நிறுவனங்கள், பதாகை கட்டுவதோடு நில்லாமல், ஒரு பங்கைச் சிறு பாடசாலை மைதானங்களுக்கு ஒதுக்கட்டும். மாணவனுக்கு விளம்பரப் பணம் வருமாயின், வயது நிறையும்வரை அவன் பெயரில் வங்கியில் வைப்புச் செய்யப்படட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பெற்றோரும் அதிபரும் சட்டம் அறிந்த ஒருவரும் அதனைப் படித்துப் பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்துக்காக அழைத்த மாணவனை அவன் ஆட்டம் தளர்ந்த பின்னும் படிப்பு முடியும்வரை வைத்துப் பேணுவது அழைத்தவர் கடனாகட்டும். முழங்கால் ஒரு நாளில் முறியலாம். கற்ற கல்வி அவ்வாறு முறிவதன்று.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் அன்பும் பணமும் நம் கல்லூரிகளை எத்தனையோ இடரிலிருந்து காத்தன. அப்பணத்தைக் கொண்டு கிண்ணத்தை வெல்ல ஆள் தேடலாம்; ஆள் உருவாகும் மைதானத்தையும் திருத்தலாம். முன்னது ஓராண்டுப் பெருமை. பின்னது தலைமுறைக்கும் நிற்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல காரியத்துக்குப் போடும்போதும் எங்கே போடுகிறோம் என்று பார்த்துப் போடவேண்டும்.

காசு மைதானத்துக்கு வந்துவிட்டது. அதைக் கதவடைத்துத் தடுக்க அமெரிக்கர் நெடுங்காலம் முயன்றனர். முடிவில் கதவுதான் உடைந்தது. நாம் கதவைத் திறந்தே வைத்து, வருவதை முறையாகப் பங்கிடக் கற்றுக்கொள்வோம். அடுத்த மார்ச்சு மாதத்தில் நூறு ஓட்டம் எடுக்கும் பிள்ளை எந்த ஊரானாகவும் இருக்கட்டும்; எங்கு வேண்டுமானாலும் போய்ப் பொருளும் புகழும் ஈட்டட்டும். அவன் கையில் முதன்முதல் மட்டையைக் கொடுத்த ஆசிரியருக்கு, மறு பிள்ளைக்குக் கொடுக்க இன்னொரு மட்டை இருக்க வேண்டும்.