ஈற்றடியில் ஒரு சீர் குறைவு

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோயுற்றுக் கிடந்த ஒருவர் மீண்டும் ஓடப் பழகுவதைப் பற்றியும், அப்பழக்கத்தின் முடிவில் காட்டுவழியில் நெடுந்தொலைவு ஓடுவதைப் பற்றியும் இன்று பேச எண்ணியிருக்கிறேன். இலக்கிய மேடையில் இதற்கு இடமுண்டா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். நம் மொழியே அந்த ஐயத்தைப் போக்கிவிடும். பாட்டின் வரியை நாம் 'அடி' என்கிறோம். உரையின் பாங்கை 'நடை' என்கிறோம். தடையின்றிச் செல்லும் சொற்போக்கை 'ஓட்டம்' என்கிறோம். காலால் செய்வதற்கும் நாவால் செய்வதற்கும் ஒரே சொற்களை வைத்தவர்கள் நம் முன்னோர். சந்தப் பாவலர் அருணகிரிநாதரின் திருவண்ணாமலைக்கு அண்டை ஊரில் இருந்துகொண்டு, தாளத்தையும் உடலையும் வேறுவேறாகப் பார்க்க நமக்கு இயலாது.

நம் பகுதியில் ஓட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது விடியற்காலையில் காவலர் தேர்வுக்காக ஓடும் இளைஞர்கள்தாம். ஆடவர் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் கடக்க வேண்டும். மகளிர் 400 மீட்டர் தொலைவை இரண்டரை நிமிடத்திற்குள் கடக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும். ஆதலால் அங்கே கடிகாரமே நீதிபதி. ஓட்டத்திற்கு இது ஒரு முகம்.

இன்னொரு முகமும் நம் பகுதியிலேயே உண்டு. அது கிரிவலம். 14 கிலோமீட்டர், பந்தயமில்லை, முந்துவோர் பிந்துவோர் என்ற பேச்சில்லை. நோய் நீங்கினால் மலையைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, எழுந்த பின் ஊன்றுகோலுடன் நடந்து முடித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இரவெல்லாம் ஆனாலும் அவர் சுற்றியது சுற்றியதே. நோய்க்குப் பின் ஓடப் புகுவோர் இவ்விரு முகங்களுள் எதனை நோக்க வேண்டும் என்பதே என் பேச்சின் பொருள்.

படுக்கை ஓர் உடலை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதை ஒட்டிய நலமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தவல்ல உயிர்வளியின் அளவு அந்த மூன்று வாரத்தில் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதை எட்டிய அதே ஐவரை மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். முப்பதாண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை பறித்தது மிகுதி என்று தெரிந்தது. நோயே இல்லாதவர்க்கு இந்நிலை என்றால், காய்ச்சலும் சேர்ந்தவர்க்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் நுரையீரல் தொற்றால் மூன்று வாரம் படுத்தெழுந்த எனக்கு, வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை வரை செல்வதே ஒரு பயணமாக இருந்தது.

அந்த ஆய்வு அத்துடன் முடியவில்லை. ஐம்பது வயதான அந்த ஐவரும் ஆறு மாதம் நடந்தும், மெல்ல ஓடியும், மிதிவண்டி ஓட்டியும் பயின்றனர். பயிற்சியின் அளவைச் சிறிது சிறிதாகவே கூட்டினர். ஆறு மாத முடிவில், இருபது வயதில் படுக்கைக்கு முன்பிருந்த நிலையை அவர்கள் மீண்டும் அடைந்தனர். ஆனால் 1966இல் படுக்கைக்குப் பின் கடும்பயிற்சி செய்து எட்டிய உச்சத்தை ஒருவராலும் மறுபடி எட்ட முடியவில்லை. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே நெஞ்சில் கொள்ள வேண்டும். மீட்சி உண்டு; ஆனால் பழைய உச்சம் உறுதியில்லை. முதலாவதை மட்டும் நம்புவோர் அவசரப்படுவர். இரண்டாவதை மட்டும் நம்புவோர் படுக்கையை விட்டு எழவே மாட்டார்.

அவசரம் ஏன் தீங்கு என்பதற்கு உடலமைப்பில் ஒரு காரணம் உண்டு. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் தேறுவதற்கு மாதங்கள் ஆகின்றன. 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்லும் நாளில், 'இன்னும் ஆகவில்லை' என்று கணுக்கால் சொல்கிறது. மூச்சின் குரல் பெரிது. கணுக்காலின் குரல் சிறிது. சிறிய குரலைக் கேட்கத் தெரிந்தவரே மீள்கிறார்.

1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே, பின்னாளில் எளியவர்க்கென ஒரு முறையைப் பரப்பினார். சிறிது ஓடுதல், சிறிது நடத்தல், மீண்டும் சிறிது ஓடுதல் என்பதே அம்முறை. களைத்த பின் நடப்பதன்று. களைப்பதற்கு முன்பே நடப்பது. நோயிலிருந்து எழுந்தவர் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதில் தொடங்கலாம். வேகத்தை அறிய அவருக்குக் கருவி எதுவும் வேண்டா. ஒரு குறளே போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழு சீரையும் மூச்சு முறியாமல் சொல்ல முடிந்தால் அது தகுந்த வேகம். நான்காம் சீரில் மூச்சு திணறினால் வேகம் மிகை. மேனாட்டுப் பயிற்சியாளர்கள் இதனைப் பேச்சுச் சோதனை என்பர். நம்மவர்க்கு அது பாட்டுச் சோதனை.

குறளிலிருந்து கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கவிஞர்களாகிய உங்களுக்கு அது விளக்காமலே புரியும். குறளின் முதலடிக்கு நான்கு சீர். இரண்டாம் அடிக்கு மூன்று. நான்கடி வெண்பாவிலும் ஈற்றடி முச்சீரே. இன்னொரு சீருக்கு இடமிருப்பதுபோல் தோன்றும் இடத்தில் வெண்பா நின்றுவிடுகிறது. அந்தக் குறைவே அதன் முடிவுக்கு அழகு தருகிறது. கேட்பவர் செவியில் பாட்டைத் தொடரச் செய்கிறது. நோய்க்குப் பிந்திய பயிற்சிக்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன். இன்னும் ஒரு சுற்று முடியும் என்று தோன்றும்போதே வீடு திரும்ப வேண்டும். அந்த ஒரு சுற்று நாளைக்கு உரியது. முழு ஆற்றலையும் இன்றே செலவிட்டவர் நாளை படுக்கைக்குக் கடன்படுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் செல்வது அறமாகாது. பயிற்சி எல்லார்க்கும் மருந்தன்று. காய்ச்சல் நோய்கள் சில, இதயத் தசையில் அழற்சியை விட்டுச் செல்வதுண்டு. அத்தகையோர் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் ஆகியவை தோன்றினால் ஓட்டக்காரர் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே. இன்னொரு வகையினர் உழைத்த அன்று நலமாக இருந்து, மறுநாளோ அதற்கும் மறுநாளோ பல நாள் எழமுடியாமல் சாய்வர். கொரோனாவுக்குப் பின் உலகெங்கும் பலர் இந்நிலைக்கு ஆளாயினர். நாட்பட்ட சோர்வு நோயினர்க்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் மருத்துவமுறையை வழங்கலாகாது என 2021ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி நிறுவனமே அறிவித்தது. ஆதலால் ஓட முடியாதவரை மனவுறுதியற்றவர் என்று எவரும் பழிக்கலாகாது. 'நான் எழுந்துவிட்டேன், உன்னால் ஏன் முடியவில்லை' என்ற சொல், நோயினும் கொடிது.

மீள்வதற்கு இயன்றவர்க்கு அடுத்த படி மண்வழி ஓட்டம். தார்ச்சாலையில் ஒவ்வோர் அடியும் முன்னதைப் போலவே விழுகிறது. ஒரே எலும்பு, ஒரே தசைநாண் மீண்டும் மீண்டும் தாக்குறுகிறது. ஏரிக்கரையிலோ, நிலக்கடலைக் கொல்லையை ஒட்டிய வண்டித்தடத்திலோ ஓடுகையில் ஓரடிபோல் மற்றோரடி அமைவதில்லை. கல், வேர், பள்ளம் எல்லாம் கால்களுக்குப் பாடம் சொல்கின்றன. அங்கே வேகம் தானாகக் குறைகிறது. கண் நான்கு அடிக்கு முன்னே தரையைப் படித்துக்கொண்டு செல்ல வேண்டும். ஏற்றத்தில் நடப்பது இழுக்கன்று. தேர்ந்த ஓட்டக்காரரும் நடக்கிறார்கள். இறக்கத்தில் எட்டு சிறிதாக வைக்க வேண்டும். பயிற்சியைக் கிலோமீட்டரால் அளக்காமல் பொழுதால் அளப்பது நன்று. இன்று நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு தொலைவு சென்றோம் என்ற கவலையே எழாது.

நம் ஊரைத் தொட்டுச் செல்லும் சாலை செஞ்சி, திண்டிவனம் வழியே கிழக்குக் கடற்கரைப் பக்கம் செல்கிறது. அத்திசையில் புதுச்சேரியை அடுத்துள்ள ஆரோவில்லில் 2008ஆம் ஆண்டு ஒரு மாரத்தான் ஓட்டம் தொடங்கப்பட்டது. செம்மண் காட்டுத்தடங்களில் ஓடுவது அது. வென்றவர் என்று எவரையும் அறிவிப்பதில்லை, பரிசு வழங்குவதில்லை, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்பன அதற்கு வகுத்துக்கொண்ட நெறிகள். அந்தக் காடும் நோயிலிருந்து மீண்டதுதான். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது மழைநீர் அரித்த வெற்றுச் செம்மண் மேடாகக் கிடந்த நிலம் அது. வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, மரக்கன்று நட்டுப் பல பத்தாண்டுகளில் காடாக்கினார்கள். ஒரே பருவத்தில் அதை வளர்த்துவிட எவராலும் முடிந்திராது.

தமிழகப் பொதுவாழ்விலும் ஒரு சான்று உண்டு. சென்னை மேயராக விளங்கியவரும் 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவருமான மா. சுப்பிரமணியன் 2004இல் சாலை விபத்தில் சிக்கிக் காலில் பெருங்காயமுற்றார், நீரிழிவும் உடையவர். நடுவயதைக் கடந்த பின் ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவு செய்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அவர்தம் அரசியலில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாதிருக்கலாம். அடிபட்ட காலுக்கு ஓர் எதிர்காலம் உண்டு என்பதற்கு அந்த எண்ணிக்கை சான்று.

நண்பர்களே, நோயிலிருந்து எழுபவரிடம் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: 'பழையபடி ஆகிவிட்டீர்களா?' அன்பால் கேட்பதுதான். ஆயினும் அக்கேள்வியில் ஒரு வன்மை இருக்கிறது. பழைய உடலை அளவுகோலாக வைத்து இன்றைய உடலை அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. எழுத்திலும் இதுவே நிகழ்கிறது. நெடுநாள் எழுதாதிருந்த கவிஞர் மீண்டும் பேனா எடுக்கும்போது, தம் முந்தைய தொகுப்பே அவருக்கு முதற் பகையாக நிற்கிறது. 'அந்த வேகம் இல்லையே' என்பார்கள். வேகம் இல்லாதிருக்கலாம். நடை இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

2020இல் ஊரடங்கின்போது நம் வட்டத்தின் கூட்டங்களும் நின்றன. மீண்டும் கூடிய நாளில் வந்திருந்தவர் ஆறு பேர். அன்று பெரிய விழா எடுக்க எவரும் முனையவில்லை. ஆறு பேரும் ஆளுக்கொரு கவிதை படித்து, அடுத்த மாதத்திற்குச் சிறிது பேச்சை மீதம் வைத்துக்கொண்டு கலைந்தோம். அந்த மீதத்தால்தான் அடுத்த மாதம் பத்துப் பேர் வந்தனர். இன்று இந்த அரங்கு நிறைந்திருக்கிறது.

உங்களுள் எவரேனும் நோய்க்குப் பின் வீட்டுக்குள்ளேயே இருப்பவராயின், மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு நாளை விடியலில் தெருமுனை வரை நடந்து பாருங்கள். அதற்கு அப்பாலும் போகலாம் என்று தோன்றும். அந்த இடத்தில் திரும்பிவிடுங்கள்.