துருப்பிடித்த உளியை எடைக்குப் போடாதீர்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)



அநேகமாக நம்ம வீட்டுப் பரண்களிலே ஒரு சாக்குமூட்டை கிடக்கும். அப்பா காலத்து உளி, இழைப்புளி, வாச்சி, ரம்பம், அரம் எல்லாம் அதிலே இருக்கும். மண்வெட்டிக்குக் காம்பு போடவும், நுகத்தடி செதுக்கவும், கதவு நிலை சரி பண்ணவும் உழைத்த சாமான்கள். பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்ததும், "துருப்பிடிச்சுப் போச்சு, இனி எதுக்கு?" என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம். நமக்குக் கிடைப்பது இரும்பு விலை. கையை விட்டுப் போவதோ நல்ல எஃகு. கொஞ்சம் பொறுங்க. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, வைத்துக்கொண்டதை எப்படி வேலைக்குக் கொண்டுவருவது என்று பார்ப்போம்.

இரும்போடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு. உப்பும் கூடச் சேர்ந்தால் வேகம் அதிகம். கடற்கரை ஊர்களில் இரும்பு சீக்கிரம் போவது இதனால்தான். நம்ம கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. துரு ஒரு மூடி மாதிரி இருந்து அடி இரும்பைக் காப்பாற்றாது. பொருபொருவென்று இருந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும்.

முதல் வேலை சோதனை. மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்டுத் துடைத்து, தேங்காய் நாராலே நன்றாகத் தேயுங்கள். உளியின் தட்டையான முதுகுப் பக்கம், வாய் ஓரத்தைப் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரி குழி இல்லாவிட்டால் கவலையே இல்லை. வாய் ஓரத்தில் மட்டும் குழி இருந்தால், அந்தக் குழி தாண்டும்வரை சாணை பிடித்தால் போதும். முதுகு முழுக்க ஆழமான குழி என்றால் எத்தனை தீட்டினாலும் வாய் பல் பல்லாகத்தான் வரும். அதை முரட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கழித்துவிடுங்கள். ரம்பத்தின் தகடு துருத் தின்று மெலிந்திருந்தாலும், வெடித்திருந்தாலும் அதற்காகப் பாடுபட வேண்டாம்.

மேலாக உள்ள துருவுக்கு எண்ணெயும் உப்புத்தாளும் போதும். முதலில் முரட்டுத்தாள், பிறகு மென்தாள். ஒரே பக்கமாக, நீளவாக்கில் தேயுங்கள்.

துரு கெட்டியாக இருந்தால் புளிப்பு வேண்டும். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு கைப்பிடி புளியைக் கரைத்து ஊறப்போடலாம். கடையில் விற்கும் வினிகரும் ஆகும். பிடியைக் கழற்றிவிட்டு இரும்பை மட்டும் போடுங்கள். மரம் ஊறினால் உப்பி வெடிக்கும். சில மணிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்துத் தேயுங்கள். ராத்திரி போட்டு விடியலில் எடுத்தால் பெரும்பாலும் போதும். போட்டதை மறந்துவிட்டால் புளிப்பு நல்ல இரும்பையும் அரிக்கும். மெல்லிய ரம்பத்தகடு முறுமுறுத்துப் போகவும் இடமுண்டு. எடுத்ததும் கழுவி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, துடைத்து, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். இதில் தாமதம் கூடாது. புதிதாகத் துலக்கின இரும்பு ஒரு மணி நேரத்திலேயே செம்பழுப்பு ஏறிவிடும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது எஃகைத் தின்னும். அதோட ஆவி அறையில் உள்ள மற்ற சாமான்களையும் துருப்பிடிக்க வைக்கும்.

வைஸ் மாதிரிக் கனமான சாமானுக்கு 12 வோல்ட் பாட்டரி சார்ஜர் உதவும். பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சார்ஜரின் கறுப்பு வயரைச் சாமானுக்கும், சிவப்பு வயரை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வயரை மாற்றிக் கொடுத்தீர்களானால் சாமானே கரையும்! எவர்சில்வர் துண்டு போடாதீர்கள், தண்ணீர் விஷமாகும். தீப்பிடிக்கும் வாயு கிளம்பும். அதனால் வெளித் திண்ணையிலே வையுங்கள், பக்கத்தில் பீடி, விளக்கு வேண்டாம். சார்ஜரை அணைத்த பிறகே தண்ணீரில் கை வையுங்கள். வீட்டுக் கரண்டை நேராகத் தொட்டிக்குக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து.

இறுகிப்போன நட்டை அடித்துத் திறக்காதீர்கள். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அதுதான் மரையை இறுக்குகிறது. டீசல் விட்டு ஒரு ராத்திரி விட்டுவையுங்கள். மறுநாள் மெதுவாகத் தட்டி, முன்னும் பின்னும் திருப்புங்கள். வார்ப்பிரும்பு ஒரே அடியில் விண்டுபோகும்.

பட்டறையில் சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். வாய் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் தீரும்வரை தேய்த்தெடுத்தால்தான் மறுபடி கூர் நிற்கும். தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. துருவை எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, சாமானை எங்கே வைக்கிறோம் என்பதிலே இருக்கிறது. சாக்கு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும்; அந்தச் சாக்குமூட்டையே முதல் எதிரி. உர மூட்டை இருக்கும் அறையும் கூடாது. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. யூரியா காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சுவரிலே ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். மெஷின் ஆயிலோ விளக்கெண்ணெயோ மெல்லியதாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் பலவும் நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னே ஒருதரம், மழை விட்டதும் ஒருதரம் துடைத்து எண்ணெய் போட்டால் போதும்.

அடுத்த தடவை இரும்புக்காரர் குரல் கேட்டால், மூட்டையைத் தூக்கிக் கொடுக்குமுன் அவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொரு உளியின் வாயையும் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். கொடுக்க வேண்டியது எது என்று அதுவே சொல்லும்.