குழாயின் நீளமும் இயந்திரத்தின் திறனும்



மொழியியல் கற்றோர் மகிழுந்து இயந்திரத்தைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் இதுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற மாணவர் அறிவியலைப் பின்னர் வேறு மொழியில் தொடர்கிறார். அப்போது, தமிழ் வீட்டிற்கும் இலக்கியத்திற்கும் உரியது, பொருள்கள் இயங்கும் விதத்தை விளக்க வேறு மொழிதான் வேண்டும் என்னும் எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. அவ்வெண்ணத்தை மேடையில் கண்டித்துப் பேசுவதால் விளையும் பயன் சிறிது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதனைத் தமிழில் முழுமையாக விளக்கிக் காட்டுவதே தக்க மறுமொழி. இன்று நாம் எடுத்துக்கொள்வது, நீளம் மாறும் உள்ளிழுகுழாய்.

பெட்ரோல் இயந்திரத்தில் பிஸ்டன் கீழிறங்கும்போது வால்வு திறந்து, காற்று உருளைக்குள் நுழைகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எனவே எவ்வளவு காற்று உட்புகுகிறதோ அதற்கேற்பவே எரிபொருளை எரிக்க முடியும். இயந்திரத்தின் வலிமை அதன் மூச்சைப் பொறுத்தது. வடிகட்டியைக் கடந்து வரும் காற்றை ஒரு பொது அறையிலிருந்து ஒவ்வோர் உருளைக்கும் கிளைகளாகப் பிரித்துக் கொண்டுசெல்லும் தொகுதியைப் பட்டறையில் மேனிஃபோல்டு என்பர். அச்சொல்லின் நேர்ப்பொருள் 'பன்மடி' என்பதாகும். கிளைகள் பல என்பதை அச்சொல் கூறுகிறது. அவை செய்யும் வேலையைக் கூறவில்லை. உள்ளிழுகுழாய் என்றால் வேலை விளங்கிவிடும்.

அக்கிளைக் குழாயின் நீளத்திற்கும் காற்றின் அளவிற்கும் என்ன தொடர்பு? பிஸ்டன் விரைந்து இறங்கும்போது வால்வின் அருகே அழுத்தம் குறைகிறது. அக்குறைவு ஓர் அலையாகக் குழாயில் பின்னோக்கி ஓடுகிறது. பொது அறையை எட்டியதும் அது திரும்புகிறது. ஆனால் திரும்பும்போது அழுத்தம் மிகுந்த அலையாக மாறி வருகிறது. வால்வு மூடப்போகும் வேளையில் அவ்வலை வந்து சேர்ந்தால், கூடுதலாகச் சிறிது காற்றை உள்ளே தள்ளிவிடும். முன்னரே வந்தாலும் பிந்தி வந்தாலும் அப்பயன் குன்றும்.

அலை செல்வது ஒலியின் வேகத்தில்; ஏறத்தாழ நொடிக்கு 340 மீட்டர். இயந்திரம் மெதுவாகச் சுழன்றாலும் விரைவாகச் சுழன்றாலும் அவ்வேகம் பெரிதும் மாறுவதில்லை. மாறுவது வால்வு திறந்திருக்கும் நேரமே. அலை புறப்பட்டுத் திரும்புவதற்குச் சுழல்தண்டின் கால் சுற்று நேரம் தரப்படுவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்றில், கால் சுற்றுக்கு ஆகும் நேரம் 5 மில்லிநொடி. அதற்குள் அலை 1.7 மீட்டர் செல்லும். போகவர ஆகும் தொலைவு இது என்பதால் குழாயின் நீளம் 85 சென்டிமீட்டர். 6000 சுற்றில் நேரம் பாதியாகிறது. தேவையான நீளமும் ஏறத்தாழ 42 சென்டிமீட்டராகக் குறைகிறது. மகிழுந்தின் முன்புறத்தில் அவ்வளவு நீளத்திற்கு இடமின்மையால், பொறியாளர் இரண்டாம், மூன்றாம் முறை திரும்பி வரும் அலையையும் பயன்படுத்துவர். எனினும் விதி ஒன்றே: மெதுவான சுழற்சிக்கு நீண்ட குழாய், விரைவான சுழற்சிக்குக் குறுகிய குழாய். மாறாத நீளமுடைய குழாய் ஏதேனும் ஒரு வேகத்திற்கே முழுமையாகப் பொருந்தும். இக்குறையைப் போக்கவே, ஒரு மடலைத் திறந்து மூடி நெடுவழிக்கும் குறுவழிக்கும் மாறும் அமைப்பை உருவாக்கினர்.

இதனால் இயந்திரத்தின் 'பவர்' கூடுகிறதா? இங்குதான் மொழி குறுக்கிடுகிறது. பேச்சில் 'பவர்' என்னும் ஒரு சொல் விசை, ஆற்றல், திறன் ஆகிய மூன்றையும் விழுங்கிவிடுகிறது. சுழல்தண்டைத் திருகும் அளவு முறுக்குவிசை. அதன் அலகு நியூட்டன் மீட்டர். ஒரு நொடியில் செய்யப்படும் வேலை திறன். அதன் அலகு வாட். முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும்.

நம் நாட்டுச் சான்று ஒன்றைக் காண்போம். புரோட்டோன் நிறுவனத்தின் 1.6 லிட்டர் கேம்ப்ரோ இயந்திரம் தொடக்கத்தில் 148 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், 6000 சுற்றில் 82 கிலோவாட் திறனும் கொண்டிருந்தது. 2008இல் வெளிவந்த சிபிஎஸ் வகையில் நீளம் மாறும் உள்ளிழுகுழாயும், வால்வின் உயர்வை மாற்றும் அமைப்பும் சேர்ந்தன. உச்ச முறுக்குவிசை 150 ஆயிற்று. இரண்டே அலகுதான் கூடியது. ஆனால் திறன் 6500 சுற்றில் 93 கிலோவாட்டை எட்டியது. கணக்கிட்டால் விடை தெளிவாகும். பழைய இயந்திரம் 6000 சுற்றில் ஏறத்தாழ 130 நியூட்டன் மீட்டர் தந்தது. புதியது 6500 சுற்றிலும் ஏறத்தாழ 137 தருகிறது. உச்சம் பெரிதாக உயரவில்லை. உயர் சுழற்சியிலும் மூச்சு வாங்காமல் முறுக்குவிசை நிலைத்தது. அதுவே திறனின் உயர்வு. இப்பயன் குழாய்க்கு மட்டும் உரியதன்று. வால்வு அமைப்புக்கும் அதில் பங்குண்டு.

இரு நிலைகளோடு நில்லாமல், நீளத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் அமைப்புகளும் உள. 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி வண்டியின் குழாய்கள் தொலைநோக்கியைப் போல நீண்டு சுருங்கின. அது சுழலி இயந்திரம். மேலும் கீழும் இயங்கும் பிஸ்டனோ வால்வோ அதில் இல்லை. எனினும் காற்றின் அலைக்கு விதி அதுவே.

இதுவரை நாம் கூறியவற்றில் பிஸ்டன், வால்வு போன்ற கடன்சொற்கள் வந்தன. அவற்றால் விளக்கம் தடைப்படவில்லை. முறுக்குவிசையையும் திறனையும் ஒன்றாகக் குழப்பியிருந்தால், சொல்லெல்லாம் தனித்தமிழாக இருந்தாலும் விளக்கம் உடைந்திருக்கும். பெயர்ச்சொற்களுக்கு நிகர்ச்சொல் தேடுவதிலேயே நம் உழைப்பின் பெரும்பகுதி செலவாகிறது. 'ஆகவே', 'எனினும்', 'அதற்குள்', 'அளவிற்கேற்ப' என்று காரணத்தையும் விளைவையும் இணைக்கும் பயிற்சியே அறிவியல் தமிழின் முதுகெலும்பு. அப்பயிற்சி இல்லாத மாணவர் கலைச்சொற்பட்டியலை மனனம் செய்தாலும் ஒரு பத்தி எழுத இயலாது.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைப் பாடத்தில் ஒரு பருவத்திற்கு ஒருமுறையேனும், மாணவர் அன்றாடம் காணும் ஒரு கருவியைத் தந்து, அது ஏன் அவ்வாறு இயங்குகிறது என்று தமிழில் எழுதச் செய்யுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் பட்டறைச் சொல்லை எழுதட்டும். அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டா. காரணம் விடுபட்ட இடத்தில் மட்டும் சிவப்பு மையால் 'ஏன்?' என்று எழுதுங்கள். அவ்வினாவிற்குத் தமிழில் விடையெழுதப் பழகிய மாணவருக்குத் தம் மொழியின் மீது நம்பிக்கை தானே பிறக்கும்.